குடிநீரை ஊத்தும்போது ரெண்டு வார்த்தையும் சேர்த்துச் சொல்லுங்க

திண்டிவனத்தில் நிலவேம்புக் குடிநீர் வழங்கும் பணிக்காக நடந்த தன்னார்வலர் கூட்டத்தில், தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்:

நான் படிச்சது இன்ஜினியரிங், டாக்டருக்கு இல்ல. அதனால உறுதியா தெரிஞ்சதை மட்டும் பேசுறேன்.

நம்ம பக்கம் ஃப்ளூ காய்ச்சல் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையோடதான் வரும். 2024 ஃபெஞ்சல் புயல்ல மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. கொட்டுச்சு. அந்த மாதிரி நேரத்துல முகாம்ல நெருக்கியடிச்சு தங்குறவங்கள்ல ஒருத்தர் இருமினா போதும். வெயில்ல வராதுன்னும் நினைக்காதீங்க. எச்3என்2 பரவினப்போ, 2023 மார்ச் 10 அன்னிக்கு தமிழக அரசு 1000 இடங்கள்ல காய்ச்சல் முகாம் நடத்துச்சு.

இப்போ குடிநீர் விஷயம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம்னு ஒன்பது சரக்கு. ஒரு டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் பொடி போட்டு, கால் பங்கா சுண்டக் காய்ச்சி வடிகட்டணும். அன்னன்னைக்குக் காய்ச்சணும். காலைல வெச்ச அண்டாவை சாயங்காலம் சூடு பண்ணி ஊத்துற வேலை வேண்டாம், ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும், குடிக்கிறவங்களுக்கு நல்லா இருக்காது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் சித்த மருத்துவரைக் கேட்காம குடுக்காதீங்க. "இதைக் குடிச்சா காய்ச்சலே வராது"ன்னு மைக்ல சொல்லவே சொல்லாதீங்க. அதை நம்பி ஒரு அம்மா மூணு நாள் வீட்டுலயே பிள்ளையை வெச்சிருந்து, அது டெங்குவா இருந்தா என்ன பண்ணுவீங்க?

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். வாய் கசக்கும்போது கஞ்சி, மிளகு ரசம், இட்லி இறங்கும். முருங்கைக்கீரை வேலியிலயே நிக்குது. நெல்லிக்காய், கொய்யாவுல வைட்டமின் சி நிறைய. தெம்புக்கு முட்டை, பயறு, வேர்க்கடலை. கடலை விளையுற மாவட்டம் நம்மளுது, அதை வித்துட்டு பாக்கெட் பவுடர் வாங்குறது எனக்குப் புரியல. தண்ணி, மோர், இளநீர் அடிக்கடி குடிக்கணும். இருமலுக்குத் தேன் இதமா இருக்கும், ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. ஆவி பிடிக்கிற கொதி தண்ணிப் பாத்திரத்துக்கிட்ட குழந்தைங்களை விடாதீங்க.

ஃப்ளூ வைரஸ். ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. மெடிக்கல்ல கலர் கலரா நாலு மாத்திரை கட்டி வாங்காதீங்க. டெங்கு இல்லன்னு தெரியுறவரைக்கும் உடம்பு வலி ஊசியும் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி, மயக்கம், சிறுநீர் குறையுறது, குழந்தை பால் குடிக்காம சோர்ந்து கிடக்குறது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் டம்ளரை வெச்சுட்டு வண்டியை எடுங்க. திண்டிவனம் அரசு மருத்துவமனை இருக்கு, விழுப்புரம் பக்கம்னா முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வயசானவங்க, சுகர், ஆஸ்துமா உள்ளவங்க, கர்ப்பிணிகள் இதுக்கெல்லாம் காத்திருக்காம, காய்ச்சல் வந்த முதல் ரெண்டு நாளுக்குள்ளயே டாக்டரைப் பார்க்கட்டும். ஃப்ளூ மாத்திரை அப்போதான் நல்லா வேலை செய்யும்.

நாளைக்குக் காலைல அண்டா பக்கத்துல ஒரு தம்பி 108 நம்பரை பெருசா எழுதி ஒட்டிடுங்க. டம்ளரை ஆளுக்கு ஆள் கழுவி வையுங்க.