முத்தின இலை

ஹாலிஎலயில் ஒருவர் கையில் கேமரா கிடைத்தால் முதலில் எங்கே ஓடுவார்? தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்குத்தான். நானும் ஓடினேன். மூடுபனிக்குள் கோச்சி திரும்பும் கணத்துக்காக மூன்று மணி நேரம் காத்திருந்து எடுத்த படத்தைப் போட்டி ஒன்றுக்கு அனுப்பினேன். "பாலம் சாய்ந்திருக்கிறது, வானம் வெளுத்திருக்கிறது" என்றார் நடுவர். அவர் சொன்னது சரிதான். இருந்தும் ஒரு மாதம் நான் கேமராவைத் தொடவில்லை.

அந்த மாதத்தில்தான் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மையாரைப் பற்றிப் படித்தேன். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், அது கணவர் வழி வந்த பெயர். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்தபோது, 48 வயதில், மகள் கொடுத்த பரிசாக அவருக்கு முதல் கேமரா கிடைத்தது. நிலக்கரி போட்டு வைக்கும் அறை இருட்டறையானது. கோழிக்கூடு ஸ்டூடியோவானது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய காலம். எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும்.

அவருடைய முகங்கள் சற்றே மங்கலாக இருக்கும். லென்ஸைத் திருப்பிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவதாக அவரே எழுதியிருக்கிறார். லண்டன் புகைப்படச் சங்கத்தின் இதழ் விடுமா? துணிச்சலைப் பாராட்டிய கையோடு, மற்ற எல்லாவற்றையும் கோட்டைவிட்டதாக 1865இல் எழுதியது. எது சரியான ஃபோகஸ் என்று தீர்மானிக்க யாருக்கு உரிமை என்று, அதற்கு முன்பே நண்பர் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டிருந்தார் அம்மையார். இதழ் அப்படி எழுதிய பிறகும் வேலையைத் தொடர்ந்தார்.

1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள். வரும்போதே சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார்கள் என்றொரு கதை உண்டு. 1879இல் டிக்கோயாவில் இறந்தார். கல்லறை போகவந்தலாவையில், நம் ஊரில் கோச்சி ஏறி ஹட்டனில் இறங்கினால் போய்விடலாம். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை மிகச் சில. அவற்றில் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள், பெயர் இல்லாமல். லண்டன்காரர்கள் சொன்ன குறை அச்சில் இருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்து நம் ஆட்கள் என்ன சொன்னார்கள் என்பது எங்கும் இல்லை. காட்டினார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

அந்த யோசனையில்தான் பழைய படம் ஒன்றைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவரின் படம். வெளிச்சம், நிழல், எல்லாம் எனக்குத் திருப்தி. அக்கா கையைப் படங்கில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கையில முத்தின எலய புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்? நீங்க சிரிக்கச் சொன்னீங்க, நானும் சும்மா ஒன்னப் புடிச்சேன். கணக்கப்பிள்ள பாத்தா ஏச மாட்டாரா?"

எந்த நடுவர் கண்ணுக்கும் அந்த இலை தெரிந்திருக்காது. அடுத்த சனிக்கிழமை சிரிக்கச் சொல்லாமல், நெறை ஓரமாக ஒதுங்கி நின்று எடுத்தேன். இந்த முறை விரல்களுக்கிடையில் ரெண்டு இலையும் ஒரு மொட்டும் இருந்தன. முகம்தான் பாதி மறைந்துவிட்டது.

அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"கை சரி தம்பி. மூஞ்சி எங்க?"