கேலியும் ஒரு கலை

1931-ஆம் ஆண்டு. பெட்ரோல் ஹான் என்ற கூந்தல் தைலத்துக்கு பெர்லினில் ஒரு விளம்பரப் படம் தயாராகிறது. அலையலையான கூந்தலோடு ஒரு பெண், கையில் தைலச் சீசா. உற்றுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். முகம் துணிக்கடைப் பொம்மையின் முகம்; சீசாவைப் பிடித்திருக்கும் கை மட்டும் நிஜக் கை!

அழகியை நிறுத்தினால் சரக்கு விற்கும் என்பது விளம்பரத் தொழிலின் பாலபாடம். அந்தப் பாடத்தையே கேலி செய்தவர்கள் இரண்டு இளம்பெண்கள்: கிரேட்டே ஸ்டெர்ன், எல்லன் ரோசன்பெர்க்.

கிரேட்டே 1904-இல் எல்பர்ஃபெல்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்டுட்கார்ட்டில் வரைகலை படித்தார். பிறகு பெர்லினில் வால்டர் பீட்டர்ஹான்ஸிடம் புகைப்படக் கலை பயின்றார். ஷட்டரை அழுத்துமுன் படம் மனத்துக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பது அந்தக் குருவின் போதனை. 1929-இல் பீட்டர்ஹான்ஸ் பௌஹவுஸ் கலைப்பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். அவருடைய கருவிகளை கிரேட்டே விலைக்கு வாங்கி, உடன் பயின்ற எல்லனோடு ஸ்டுடியோ திறந்தார். பெயர் 'ரிங்ல் + பிட்'. இரண்டும் அவர்களின் சிறுவயதுச் செல்லப்பெயர்கள். யார் எடுத்த படமானாலும் இருவர் பெயரும் சேர்ந்தே போகும்.

கோமோல் என்ற தலைமுடிச் சாயத்துக்கு அவர்கள் செய்த விளம்பரம் 1933-இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றது. ஆனால் அதே ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். ஸ்டுடியோவை மூடிவிட்டு எல்லன் பாலஸ்தீனம் போனார். கிரேட்டே லண்டன் போனார். அர்ஜென்டினாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ஒராசியோ கொப்போலாவை மணந்து, 1935-இல் புவெனஸ் அயர்ஸ் சேர்ந்தார்.

அங்கே 1948-இல் 'இடிலியோ' என்ற பெண்கள் வார இதழ் அவரை அழைத்தது. வாசகிகள் தாங்கள் கண்ட கனவுகளை எழுதி அனுப்புவார்கள். இதழில் அதற்கு விளக்கம் வரும். கூடவே கிரேட்டே பல புகைப்படங்களை வெட்டி ஒட்டிச் செய்த படமும் வரும். ஒரு படத்தில், மேஜை விளக்கின் தண்டாகவே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேல் விளக்கு மூடி. ஸ்விட்சைப் போட ஓர் ஆணின் பெரிய கை நீண்டு வருகிறது. வீட்டுக்குள் பெண்ணின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், மூன்று ஆண்டுகளில்.

விளம்பரமும் வார இதழும் மறுவாரமே பழைய பேப்பர்காரரிடம் போகிற சரக்குதான். கூலிக்குச் செய்த அந்த வேலைக்குள்தான் கிரேட்டே தன் மனத்தில் பட்டதைச் சொன்னார். கேட்டவர்களுக்குக் கேட்ட படம் கிடைத்தது. பெண்களின் ஆற்றாமையும் கூடவே அச்சேறியது.