எஃகுக்குள் ஓர் எண்ணிக்கை

மலேசியாவில் தம்போய் தொழிற்பேட்டைப் பக்கம் உலோகச் சோதனை வேலை பார்க்கிறவன் நான். ஒருமுறை துருப்பிடிக்காத எஃகுத் துண்டு ஒன்று வந்தது. நெடுநாள் சூட்டில் கிடந்த பாகம். சுத்தியலால் ஒரு தட்டு, இரண்டாகப் போய்விட்டது. மைக்ரோஸ்கோப்பில் ஒரு குறையும் தெரியவில்லை. ஹார்ட்னஸ் சோதனையில் எண் எகிறியபோதுதான் காரணம் பிடிபட்டது. குரோமியம் மிகுந்த சில எஃகுகள் 475 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் நீண்ட காலம் இருந்தால், குரோமியமும் இரும்பும் மெல்லப் பிரிந்து தனித்தனிக் கூட்டமாகிவிடும். ஒவ்வொரு கூட்டமும் சில நானோமீட்டர்தான்.

அதையும் காட்டுகிற கருவி 'ஆட்டம் புரோப்'. சென்னை ஐஐடியில் 2018இல் இதற்கென்றே தேசிய மையம் தொடங்கினார்கள். வேறு ஊர்க் கல்விக்கூடங்கள் இருந்த இடத்திலிருந்தே அதை இயக்கலாம். இத்துறையின் முன்னோடி எர்வின் முல்லர். 1955இல் பென்சில்வேனியாவில் அவரோடு சேர்ந்து டங்ஸ்டன் அணுக்களை முதன்முதலில் படமாகக் கண்டவர் கன்வர் பகதூர் என்ற இந்திய மாணவர். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

உலோகத்தை மிக நுண்ணிய ஊசியாக்கி, கடுங்குளிரில் வைத்து, சில ஆயிரம் வோல்ட் கொடுப்பார்கள். நுனியிலிருந்து அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கும். பறந்த நேரத்தை வைத்து எந்தத் தனிமம், விழுந்த இடத்தையும் வரிசையையும் வைத்து எங்கே இருந்தது என்று கணிப்பார்கள். திரையில் முப்பரிமாணப் படம் சுழலும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகுதான். படத்தைப் பார்த்ததும் 'அதோ கூட்டம்' என்று கண் சொல்லும். நம்பாதீர்கள். தரையில் ஒரு பிடி உளுந்தைத் தூவிப் பாருங்கள். அங்கங்கே நாலைந்து ஒட்டிக் கிடக்கும், யாரும் சேர்த்து வைக்கவில்லை.

அதனால் படத்தை 100 அணுக்கள் கொண்ட பெட்டிகளாகப் பிரித்து எண்ணுவார்கள். நூற்றுக்கு 20 குரோமியம் என்று வையுங்கள். தற்செயலாகக் கலந்திருந்தால், பெரும்பாலான பெட்டிகளில் 12 முதல் 28 வரை இருக்கும். எஸ்பிஎம் தேர்வின் கூடுதல் கணிதத்தில் வரும் ஈருறுப்புப் பரவலேதான்! பல பெட்டிகளில் 35, பல பெட்டிகளில் 6 என்று வந்தால் பிரிவினை உண்மை.

இன்னொரு வழி இருக்கிறது, அழகான வழி. அணுக்களின் இடத்தை அப்படியே விட்டு, பெயர்களை மட்டும் கணினியில் கலைத்துப் போட்டு மறுபடி எண்ணுவார்கள். கலைத்த படத்திலும் அதே 'கூட்டம்' தெரிந்தால், முதலில் கண்டதும் வெறும் தற்செயலாக இருக்கலாம்.

பெற்றோர்களே, பிள்ளைகள் தொழில்நுட்பம் படிக்க மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பக்கத்து ஸ்கூடாயில்தான் இருக்கிறது. கூடுதல் கணிதம் கஷ்டமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், தயவுசெய்து அந்தப் பாடத்தை விட்டுவிடச் சொல்லாதீர்கள்.