அஸீம் பிரேம்ஜி: நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு

(நமது ஜமாஅத்தின் கல்விப் பரிசளிப்பு நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரை)

 

நம் மஹல்லாவில் அடிக்கடி நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. தந்தை நோயில் விழுகிறார், அல்லது வஃபாத்தாகிறார். கல்லூரியில் படிக்கும் மகன் கடைக்கு வந்து அமர்கிறான். இரண்டு மூன்று தாள்கள் அரியராக நின்றுவிடுகின்றன. "கடை இருக்கும்போது படிப்பு எதற்கு?" என்று நாமே அவனிடம் கூறிவிடுகிறோம். இதே நிலைக்கு ஆளான ஒருவரின் வரலாற்றை இன்று நினைவுகூர விரும்புகிறோம். அவர்தாம் விப்ரோ நிறுவனத்தை வளர்த்தெடுத்த அஸீம் பிரேம்ஜி.

அவர் 1945 ஜூலை 24 அன்று பம்பாயில் பிறந்தார். அதே ஆண்டில் அவருடைய தந்தை முகமது ஹாஷிம் பிரேம்ஜி, மகாராஷ்டிர மாநிலம் ஜல்காவ் மாவட்டத்தின் அமல்நேர் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு வனஸ்பதி தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். 'வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் புராடக்ட்ஸ்' என்ற அந்த நெடிய பெயரின் சுருக்கமே பிற்காலத்தில் 'விப்ரோ' ஆயிற்று.

1966ஆம் ஆண்டு தந்தை திடீரென மறைந்தார். அப்போது மகனுக்கு வயது 21. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், பட்டம் பெறும் முன்பே தாயகம் திரும்பினார். பங்குதாரர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இந்தச் சிறுவயதில் உம்மால் நிறுவனத்தை நடத்த இயலாது, விற்றுவிடும் என்று அறிவுரை கூறியதாகச் சொல்வார்கள். அவர் விற்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் உண்மையை நாம் மறைக்கக் கூடாது. அவர் ஏழையாகப் பிறந்தவர் அல்லர். நடந்துகொண்டிருந்த தொழில் அவர் கைக்கு வந்தது. ஆனால் தந்தை வைத்துவிட்டுப் போன இடத்திலேயே அவர் அதை வைத்திருக்கவில்லை. எண்ணெயுடன் சோப்பு வகைகளையும் விரிவாக்கினார். 1970களின் இடையில் இயந்திரங்களுக்கான ஹைட்ராலிக் சிலிண்டர் தயாரிப்பில் இறங்கினார்.

அதன்பின் வந்தது ஒரு பெரும் வாய்ப்பு. அந்நிய நிறுவனங்கள் இந்தியக் கிளைகளில் தம் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசு வற்புறுத்தியதை ஏற்காமல், ஐ.பி.எம். நிறுவனம் 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த வெற்றிடத்தைப் பலரும் செய்தியாகப் படித்தனர்; அஸீம் பிரேம்ஜி அதைத் தொழிலாகக் கண்டார். பெங்களூரில் பொறியாளர்களைச் சேர்த்துக் கணினி தயாரிப்பில் முனைந்தார். 1991க்குப் பிறகு பொருளாதாரக் கதவுகள் திறந்து அயல்நாட்டுக் கணினிகள் வரத் தொடங்கியபோது, மென்பொருள் சேவையில் முழுமூச்சாக ஈடுபட்டார். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் விப்ரோவின் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றன. அவர் தொட்டதெல்லாம் நிலைக்கவும் இல்லை. கணினி தயாரிப்பையே 2013இல் விப்ரோ கைவிட்டது. காலம் மாறும்போது கைவிடத் தெரிவதும் வணிக அறிவே அன்றோ?

மாணவச் செல்வங்களே, நீங்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. பாதியில் விட்ட பட்டப்படிப்பை அவர் மறக்கவில்லை. பல்லாயிரம் பொறியாளர்களுக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்ந்த பிறகு, எஞ்சிய பாடங்களை அஞ்சல் வழியில் படித்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின் அதே ஸ்டான்ஃபோர்டில் பட்டம் பெற்றார். அந்தக் காகிதத்தால் அவருக்கு ஒரு ரூபாய் வருமானமும் கூடப்போவதில்லை. ஆயினும் தொடங்கியதை முடித்தார். அவருடைய நிறுவனமும் பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்த இளைஞர்களைப் பணியில் சேர்த்து, ஊதியத்துடனேயே மேற்படிப்பும் படிக்க வைக்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. பிலானி பிட்ஸ், நம் வேலூர் வி.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் அதில் பங்குகொண்டுள்ளன. வேலையும் படிப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஈட்டிய செல்வத்தை அவர் செலவிட்ட வழியும் கல்வியே. ஊனமுற்ற குழந்தைகளுக்காகப் பம்பாயில் மருத்துவமனை நடத்திய மருத்துவரான தம் தாயாரிடமிருந்தே கொடையுணர்வைக் கற்றதாக அவர் குறிப்பிட்டுள்ளார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அஸீம் பிரேம்ஜி அறக்கட்டளையை நிறுவினார். 2019 மார்ச்சில் மேலும் 52,750 கோடி ரூபாய் மதிப்புள்ள பங்குகளின் பயனை அளித்தபோது, மொத்தக் கொடை 1,45,000 கோடியை எட்டியது. விப்ரோவின் பொருளாதாரப் பயனில் ஏறத்தாழ 67 விழுக்காடு அறக்கட்டளைக்கு உரியதாயிற்று. வக்ஃப் செய்ததை மீளப் பெற முடியாதது போல, இதையும் திரும்பப் பெற முடியாத வகையில் எழுதிக் கொடுத்தார்.

அறக்கட்டளை, பணக்காரப் பிள்ளைகளுக்கான பகட்டுப் பள்ளிகளைக் கட்டுவதில் இறங்கவில்லை. கர்நாடகம், உத்தரகண்ட், ராஜஸ்தான், சத்தீஸ்கர், அண்டையிலுள்ள புதுச்சேரி முதலிய இடங்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுடன் சேர்ந்து உழைக்கிறது. கர்நாடக அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் கிடைத்த முட்டை ஆறு நாளும் கிடைப்பதற்காக, மூன்றாண்டுகளுக்கு 1,500 கோடி ரூபாய் தர 2024இல் ஒப்பந்தம் செய்தது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை அறிந்த கொடை இது.

பெரியோர்களே! கோடிகள் நம்மிடம் இல்லை. ஆனால் நம் மஹல்லாவில் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க நம்மால் முடியும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தவறியவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். கல்லூரியில் அரியர் வைத்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தை நாம் கட்டலாம். கடையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு, தேர்வு முடியும் வரை மாலையில் இரண்டு மணி நேரம் விடுப்புக் கொடுக்கலாம். அடுத்த ஆண்டு இதே மேடையில், மதிப்பெண் பெற்றவர்களுடன், விட்ட படிப்பை முடித்தவர்களுக்கும் பரிசளிக்க நாம் உறுதி கொள்வோம்.