உழுதவன் கணக்கு யார் கையில்?



'விவசாயம் கணினிக்குள் போவது உழவனுக்கு லாபமா, நஷ்டமா?' இதுதான் தலைப்பு. நான் நஷ்டம் என்கிற அணி. உடனே எதிரணித் தம்பி, "பேராசிரியர் இன்னும் ஏரையும் மாட்டையும் விட்டு இறங்கி வரலை"ன்னு கிண்டல் பண்ணிட்டுப் போனார். தம்பி, எனக்குக் கம்ப்யூட்டர் மேல கோபம் கிடையாது. சிட்டா, அடங்கலுக்காக கிராம நிர்வாக அலுவலர் ஆபீசுக்கு நாலு நடை நடந்தவருக்குத்தான் அதை வீட்டில் இருந்தபடி எடுக்கிற சுகம் தெரியும். அது லாபம்தான், எழுதிக்கோங்க. நான் கேட்கிறது ஒரே கேள்வி. அந்தக் கணக்கு யாருக்குச் சொந்தம்னு எந்தச் சட்டம் சொல்லுது?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது பழமொழி. அதனால உழுதவன் கணக்கே பார்க்கலை. இப்ப அவனுக்காக இன்னொருத்தர் உட்கார்ந்து பார்க்கிறார்! (சிரிப்பு)

என்ன கணக்கு? 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அமைச்சரவை டிஜிட்டல் வேளாண்மை இயக்கம் என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2,817 கோடி ரூபாய்த் திட்டம். அதில் 'அக்ரிஸ்டாக்' என்று ஓர் ஏற்பாடு. விவசாயி யார் என்பதற்கு ஒரு பதிவேடு, அவர் நிலம் வரைபடத்தில் எங்கே என்பதற்கு ஒன்று, அதில் இப்ப என்ன பயிர் நிற்கிறது என்பதற்கு ஒன்று. 2026-27க்குள் 11 கோடி விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுப்பது இலக்கு. ஆளு, மண்ணு, பயிரு மூணையும் ஒரே நூல்ல கோத்தாச்சு.

"இதில் என்னங்க ரகசியம்? கத்தரி போட்டிருக்கானா, கடலை போட்டிருக்கானான்னு ரோட்ல போறவனுக்கே தெரியுமே"ன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. அருமையான கேள்வி. ரோட்ல போறவனுக்கு ஒரு வயல் தெரியும். மாவட்டம் முழுக்க எத்தனை ஏக்கர் தக்காளி, எந்த வாரம் பழுக்கும், அதில் யார் யாருக்கு எந்தத் தேதியில் கடன் தவணை, இத்தனையும் ஒரே ஆளின் மேஜையில் இருந்தால்? அவர் மார்க்கெட்டுக்கு வந்து விலை பேசவே வேண்டாம். ரெண்டு நாள் பேசாம இருந்தாப் போதும். பழமும் காத்திருக்காது, தவணையும் காத்திருக்காது. கூடையோட வந்தவன் தானா விலையை இறக்குவான்.

அந்தக் கணக்குக்கு என்ன மதிப்புன்னு கேட்டா, அமெரிக்காவைப் பாருங்க. விதை விற்கிற மான்சான்டோ 2013-ல் கிளைமேட் கார்ப்பரேஷன் என்கிற கம்பெனியை ஏறத்தாழ 93 கோடி டாலருக்கு விலை பேசி வாங்கியது. அந்தக் கம்பெனி விதை விற்கலை, உரம் விற்கலை. வானிலையையும் வயலையும் பற்றிய கணக்கை வைத்திருந்தது! நம்ம நாட்டிலும் 2021-ல் மத்திய வேளாண் அமைச்சகம் மைக்ரோசாஃப்ட், அமேசான், பதஞ்சலி போன்றவற்றோடு ஒப்பந்தம் போட்டது. ஓராண்டு சோதனைக்காக, காசு வாங்காமல் செய்து தருகிறார்கள் என்று அரசு விளக்கம் சொன்னது. காசு வாங்காம வேலை செய்ய வர்றவரை எங்க ஊர்ல கொஞ்சம் உத்துத்தான் பார்ப்பாங்க. (சிரிப்பு, கைதட்டல்)

"சட்டம் இருக்கே"ங்கிறார் தம்பி. இருக்கு. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து இன்னும் 18 மாத அவகாசம். தமிழ் வாத்தியார் சட்டம் படிச்சா எழுத்து எழுத்தாப் படிப்பான், படிச்சேன். அது காக்கிறது 'தனிநபர்' தகவலை. பேரை எடுத்துட்டா? 'இந்தக் கிராமத்தில் 300 ஏக்கர் நெல், இன்ன வாரம் அறுவடை.' இதில் யார் பேரும் இல்லை, ஆகவே காவலும் இல்லை. விலை இறங்கினா மட்டும் பேர் பேராத்தானே வலிக்கும்?

சரி, பேரோட இருக்கிற தகவலாவது? மானியம், சலுகை, சான்றிதழ் கொடுப்பதற்காக அரசாங்கம் பயன்படுத்தினால் ஒவ்வொரு தடவையும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்று 7-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அடேயப்பா! ஆனா அந்த அபராதம் எங்கே போகுது? 34-ஆம் பிரிவைப் பாருங்க, இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகுது. என் வயலில் மாடு மேய்ஞ்சிருச்சு, மாட்டைப் பட்டியில் அடைச்சாச்சு, அபராதமும் கட்டியாச்சு. மேய்ஞ்சது என் பயிரு சாமி! எனக்கு வைக்கோலாவது உண்டா? (பலத்த கைதட்டல்)

ஊர்க் கணக்கு ஒருத்தர் கையிலேயே இருந்தா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாக் கணக்கு நோட்டை வச்சிருந்தவர் கர்ணம். அவர் வீட்டுத் திண்ணையில் துண்டை இடுப்பில் கட்டி நின்ற தலைமுறை இன்னும் நம்ம வீடுகளில் இருக்கு. 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அந்தப் பதவிகளை ஒழிச்சாங்க. இப்ப ஒரு புதுக் கர்ணம் வந்திருக்கார். பழைய கர்ணத்துக்காவது திண்ணை இருந்தது, போய் நின்னு சண்டை போடலாம். புதுக் கர்ணத்துக்குத் திண்ணை எங்கே?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் தரவுச் சட்டம் நடைமுறையில் இருக்கு. டிராக்டரில் உள்ள கருவி எடுக்கிற கணக்கை, டிராக்டர் வச்சிருக்கிறவர் கேட்டால் கம்பெனி கொடுக்கணும். அவர் கைகாட்டுகிற வேறொருவருக்கும் கொடுக்கணும். அது மாதிரி ஒரு வரி நம்ம சட்டத்தில் எழுதுங்கன்னு கேட்கிறேன். பயிர்க்கடனுக்குக் கொடுத்த கணக்கு வியாபாரி கைக்குப் போகக் கூடாது, போனா நஷ்டஈடு விவசாயி கைக்கு வரணும். பேர் நீக்கின கணக்குக்கும் காவல் வேணும். இதைக் கேட்டா பழைமைவாதியா, தம்பி?

வள்ளுவர் ஒற்றாடலை 59-ஆம் அதிகாரத்தில் வைத்தார், உழவை 104-ஆம் அதிகாரத்தில் வைத்தார். நாம ரெண்டையும் ஒரே செல்போனுக்குள்ள வச்சுட்டோம். (சிரிப்பு)

மணி அடிக்கிறீங்க அய்யா, இன்னும் ஒரே நிமிஷம். டெல்டாவில் கோயில் நிலத்தையும் பண்ணை நிலத்தையும் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் இருக்கார். விதை அவருது, வேர்வை அவருது. பட்டா வேற ஒருத்தர் பேர்ல. குத்தகைக்காரரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாச்சு. ஆனா புது அடையாள எண் நில ஆவணத்தோடதான் கோக்கப்படுது. நாளைக்கு வெள்ளம் வந்து பயிர் அழுகினா, கணினி யார் பேரைச் சொல்லும்? எதிரணியில் அடுத்துப் பேச வர்ற அம்மா அதுக்குப் பதில் சொல்லிட்டு, அப்புறம் லாபக் கணக்கை ஆரம்பிக்கட்டும்.