இரும்புக்குப் பெயர் கொடுத்தவர்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பெரும்பாலோர் இரும்புப் பாதையை நம்பிப் பிழைப்பவர்கள். ஆகவே இரும்பிலிருந்தே தொடங்குவோம். இரும்புக்கு ஆங்கிலத்தில் ‘அயர்ன்’, ஜெர்மன் மொழியில் ‘ஐசன்’. இந்தச் சொல்லை ஜெர்மானிய இனத்தார் கெல்திய இனத்தாரிடமிருந்து பெற்றனர் என்பது மொழியறிஞர் பலரின் முடிவு. ஜெர்மனியில் அலுவலகத்தை ‘ஆம்ட்’ என்பார்கள். அதன் மூலமும் பணியாளைக் குறித்த கெல்தியச் சொல்தான். இரண்டும் இந்தோ-ஐரோப்பியம் என்ற ஒரே தாயின் மக்கள். அன்று கெல்தியன் கொடுத்தான், ஜெர்மானியன் வாங்கினான்.

பிறகு நடந்தது என்ன? 5ஆம் நூற்றாண்டில் ஆங்கிலர், சாக்சனியர் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் கடல் தாண்டி பிரிட்டனில் குடியேறினர். அங்கிருந்த கெல்தியருக்கு அவர்கள் இட்ட பெயருக்கு அந்நியர் என்று பொருள். வந்தவன் இருந்தவனை அந்நியன் என்றான்! ‘வேல்சு’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. அந்த மக்களோ தம்மைக் ‘கம்ரி’ என்றனர். ஒரே நாட்டார் என்பது அதன் பொருள்.

1536ஆம் ஆண்டுச் சட்டம் வேல்சின் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது. ஆங்கிலம் அறியாதவனுக்கு அரசுப் பதவி இல்லை. ஆனாலும் 1588இல் வில்லியம் மார்கன் விவிலியம் முழுவதையும் வேல்சு மொழியில் அச்சேற்றினார். கோயிலிலும் அடுப்படியிலும் மொழி பிழைத்தது.

1847இல் அரசு விசாரணைக் குழு ஒன்று அறிக்கை தந்தது. குழுவினர் மூவருக்கும் வேல்சு மொழி தெரியாது. மக்களின் பின்னடைவுக்கு அவர்கள் மொழியே காரணம் என்றனர். அந்நூற்றாண்டில் பல பள்ளிகளில் ஒரு கொடுமை நடந்தது. தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டு தொங்கும். அடுத்துப் பேசுபவனைக் காட்டிக் கொடுத்தால் அது அவன் கழுத்துக்குப் போகும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி!

இதற்கு எந்தச் சட்டமும் உத்தரவிடவில்லை, தோழர்களே. ஆசிரியர்களில் பலர் வேல்சு மக்களே. பெற்றோரில் பலரும், பிள்ளை பிழைத்தால் போதும் என்று வாய் மூடி நின்றார்கள். 1901இல் மக்களில் பாதிப்பேர் பேசிய மொழியை 2021 கணக்கெடுப்பில் 17.8 சதவீதத்தினரே பேசினர்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1962இல் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் மொழிக்கு வந்த ஆபத்தை எடுத்துரைத்தார். இளைஞர்கள் சங்கம் அமைத்தார்கள்; சிறை சென்றார்கள். வேல்சு மொழித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியது. 1980இல் க்வின்வர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். அரசு பணிந்தது, 1982இல் ஒளிபரப்பு தொடங்கியது. 2011இல் வேல்சு மொழி அந்நாட்டில் ஆட்சிமொழித் தகுதியைச் சட்டப்படி பெற்றது.

பிழைப்புக்காக லண்டன் சென்ற வேல்சுக் குடும்பங்களும் சும்மா இருக்கவில்லை. 1958இல் அங்கே தம் மொழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள்.

நாமும் பிழைக்க வந்தவர்கள்தான். இந்த ஊர் மொழியை நாம் கற்க வேண்டும். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் விருந்தினர் முன் பிள்ளை தமிழ் பேசினால் “சும்மா இரு” என்று அடக்குகிறோமே, அப்போது அந்த மரத்துண்டை மாட்டுவது யார்? நாமேதான்.

ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் தமிழ் வகுப்பு நடக்கிறது. பிள்ளைகளை அனுப்புங்கள்.