கட்டும் முன் தொகை கண்ணில் பட வேண்டும்
(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



மெயின்டனன்ஸ், தண்ணீர்க் கட்டணம், கார்பஸ் ஃபண்டு எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் கொண்டுவர நம் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. நல்லதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அதன் திரை எப்படி இருக்க வேண்டும் என்று கொஞ்சம் யோசிப்போம்.

2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்தது இது. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடனுக்காக சிட்டிபேங்க் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. போனதோ ஏறக்குறைய 90 கோடி டாலர்! அசலும் சேர்ந்து, வங்கியின் சொந்தப் பணமாகப் போய்விட்டது.

காரணம் திரைதான். அசல் வெளியே போகாமல் உள்கணக்கில் நிற்க, மூன்று கட்டங்களில் டிக் செய்ய வேண்டும். 'பிரின்சிபல்' என்ற ஒன்றில் மட்டும் செய்தார்கள். மற்ற இரண்டின் பெயர் 'ஃபிரன்ட்', 'ஃபண்ட்'. பார்ப்பவருக்கு என்ன புரியும்? ஒரு எச்சரிக்கையும் வந்தது. பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரவா என்று கேட்டது. எவ்வளவு என்று சொல்லவில்லை. வட்டி வெளியே போக வேண்டியதுதானே, அதனால் சந்தேகம் வரவில்லை.

வங்கியில் ஒருவர் பதிந்தால் இன்னொருவர் சரிபார்ப்பார். அங்கே மூன்று பேர் பார்த்தும் தப்பவில்லை. பாதிக்கு மேற்பட்ட பணம் உடனே திரும்பவில்லை. 2021-இல் வழக்கில் தோற்று, 2022-இல் மேல்முறையீட்டில்தான் சிட்டிபேங்க் ஜெயித்தது.

நம் ஆப்பில் நான் கேட்பது நான்கு.

1. முதல் திரையில் எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பது மட்டும் இருக்கட்டும். மற்ற விவரங்களை வேண்டியவர் தட்டிப் பார்க்கலாம்.

2. "உறுதியா?" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. வீட்டு எண், எந்த மாதம், எவ்வளவு ரூபாய் என்று எழுதிக் கேட்க வேண்டும்.

3. பாக்கியைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல் 'பாக்கி' என்று எழுத்திலும் காட்ட வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு.

4. தமிழும் பெரிய எழுத்தும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. நம்மில் எழுபது வயதைத் தாண்டிய மூன்று பேரிடம் போனைக் கொடுத்து, எதுவும் சொல்லித்தராமல், ஒரு மாத மெயின்டனன்ஸைக் கட்டச் சொல்லுங்கள். அவர்கள் விரல் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி அதைத் திருத்திக் கொடுத்த பிறகு கையெழுத்துப் போடலாம்.